எல்லாருக்குமாகச் சாப்பிட்டவன்

உதைபந்தாட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை சாப்பிடுவது. பகிடிக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில், கரம்பொன் பக்கத்தில் எங்கள் கழகத்துக்கு நான் உதவிப் பயிற்சியாளராக இருந்த காலம் முழுக்க, முதற்பயணம் ஒன்றைத் தவிர, மற்றத் தீவுகளில் நடந்த ஆட்டங்களின் முதற்பாதியை நான் கண்ணால் கண்டதில்லை. அந்த நேரத்தில் நான் யாரோ ஒருவர் வீட்டுப் பாயில், வாழையிலைக்கு முன்னால் இருந்து, எங்கள் அணியின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். ஊரில் எனக்குச் ‘சாப்பாட்டு அசிஸ்ரன்’ என்று பட்டம். முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் தீவில் ஒரு பட்டம் உரியவரின் காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும்?

பகலில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுப்பேன். பின்னேரம் கடையைப் பூட்டியதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளையாட்டிடத்துக்கு ஓடுவேன். பந்துக்குக் காற்றடிப்பது, கிழிந்த தோலைத் தைப்பிப்பது, பிந்தி வருகிறவனை ஏசுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் பயிற்சியாளர் பள்ளிக்கூட வாத்தியார். மாஸ்ரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். பயிற்சியாளரும் அவரே, முகாமையாளரும் அவரே; ஊர்வாயில் ‘மனேஜர்’.

சாப்பிடுகிற வேலை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அறுபதாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் முதன்முதலாக அனலைதீவுக்கு விளையாடப் போனோம். வள்ளத்தால் இறங்கியதும் அந்தத் தீவுக் கழகத்தின் தலைவர், புகையிலைத் தோட்டம் செய்கிற ஒரு அண்ணை, எங்களை நேரே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மனைவியை அன்றிலிருந்து இன்றுவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். வந்த விருந்தாளிகளைச் சாப்பிடாமல் விளையாட விடுவது அந்த ஊருக்கு மானக்கேடு. நண்டுக் கறி, இறால் பொரியல், சுறா வறை, மீன்தலை போட்ட சொதி. போதும் என்று கையை மறித்தால் கைக்கு மேலேயே சோறு விழும்.

பிறகு விளையாடப் போனோம். முதற்பாதியில் ஏப்பம், இரண்டாம் பாதியில் நித்திரை. எங்கள் கோல் காப்பாளர் கம்பத்தில் சாய்ந்து நின்றவர், பந்து உள்ளே போன பிறகுதான் கண்ணைத் திறந்தார். எத்தனை கோல் வாங்கினோம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். திரும்பி வரும்போது வள்ளத்தில் பெரிய வாக்குவாதம்: அது அன்பா, தந்திரமா? அன்புதான் என்று நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். அனலைதீவு அணியும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டது. அவர்களுக்கு அது பழகிப்போனது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் போனபோது மாஸ்ரர் அக்காவின் வாசலில் நின்று மிக மரியாதையாகச் சொன்னார்.

“பெடியள் ஆட்டம் முடிய வந்து சாப்பிடுவினம், பிள்ளை. இப்ப எல்லாருக்குமாக இவர் சாப்பிடுவார்.”

இவர் என்று அவர் காட்டியது என்னை. முன்கூட்டியே எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை! அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் காலத்தில் நான் ஈர்க்குப் போல இருப்பேன்.

“இந்த உடம்போ? சரி தம்பி, இரும். பாப்பம்.”

இருந்தேன். சாப்பிட்டேன். கடைசி நண்டுக் காலையும் உறிஞ்சிவிட்டு நான் எழும்பியபோது அக்காவின் முகத்தில் வந்த சந்தோசப் புளுகத்தைப் பார்க்க வேண்டும். விருந்து நிறைவேறிவிட்டது, ஊரின் மானம் தப்பியது. பெடியளுக்குத் தேத்தண்ணியும் ஒரு வாழைப்பழமும். வயிறு லேசாக ஓடினார்கள். அன்று சமநிலை. அதற்குப் பிறகு எந்தத் தீவுக்குப் போனாலும் மாஸ்ரர் அதே வசனத்தைச் சொன்னார். கதை எங்களுக்கு முன்னாலேயே வள்ளம் ஏறிப் போய்விடும். நாங்கள் இறங்குமுன்னே “ஆர் அந்தச் சாப்பிடுற தம்பி?” என்று கரையில் நின்று கேட்பார்கள்.

ஊரில் பயிற்சி நடக்கும்போது எனக்கு இன்னொரு வேலை இருந்தது: கத்துவது. மாஸ்ரர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பெடியனை எப்பன் உள்ளுக்கு வரச் சொல்லும்” என்று மெல்லச் சொல்வார். நான் அதை வாங்கி, “டேய் கோதாரி, ஆரின்ரை வளவிலையடா நிக்கிறாய், உள்ளுக்கு வாடா!” என்று கொடுப்பேன். கரம்பொனில் நான் கத்தினால் அனலைதீவில் மாடு திரும்பிப் பார்க்கும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். வாயால் மட்டுமல்ல, இரண்டு கையாலும் கத்துவேன்.

இப்படி இருக்கும்போது மாஸ்ரருக்கு மட்டக்களப்புப் பக்கம் இடமாற்றம் வந்தது. வாசிகசாலையில் கழகம் கூடியது. அடுத்த மனேஜர் யார்?

உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பதவி எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சாதாரண ஆசை அல்ல. சங்கக்கடையில் அரிசி நிறுக்கும்போதும் மனதில் யாரை எங்கே விடுவது என்றுதான் ஓடும். எந்தப் பெடியன் இடது காலைப் பாவிக்கப் பயப்படுவான், எவன் தாயோடு கோபித்துக்கொண்டு வந்தால் நன்றாக விளையாடுவான் எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பெடியள்மேல் எனக்குப் பட்சம். அதைவிட முக்கியம், ‘சாப்பாட்டு அசிஸ்ரன்’ என்ற பட்டத்தோடு வயது போய்விடுமோ என்று பயம்.

எங்கள் கழகத் தலைவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர். கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

“யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு ஆள் இருக்கிறார். பெரிய கல்லூரி அணியிலை விளையாடினவர். அவரைக் கேப்பம். தம்பியைக் குறை சொல்லேல்லை. தம்பி சாப்பாட்டுப் பக்கத்தை வடிவாய்ப் பாக்கிறார்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. எழும்பி நின்றேன்.

“நான் இவ்வளவு காலமும் சாப்பிட்டது ஆருக்காக? என்ரை வயித்துக்காகவோ? இந்த வருசக் கேடயத்தின்ரை கடைசி ஆட்டம் வருகுது. அதுக்குள்ளை வாற ஆளுக்கு எங்கட பெடியள் ஆர் எவர் எண்டு தெரியுமோ?”

சொன்னது கொஞ்சம் உரத்துத்தான் போய்விட்டது. வாசிகசாலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழும்பிப் போய்விட்டார்கள். தலைவர் காதை ஒருமுறை தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “சரி. அந்த ஆட்டம் மட்டும் நீர் பாரும். வெண்டால் நீர்தான் மனேஜர். தோத்தால் ரவுண் ஆள் வருவார். சரியோ?”

“ஓம், சரி” என்றேன். ஆட்டம் எங்கே என்று அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அனலைதீவில்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: “மனேஜர் எண்டால் மாஸ்ரர் மாதிரி கத்தாமல் நிக்கவேணுமெல்லே. உங்களுக்கு ஏலுமோ?”

“ஏன் ஏலாது?” என்று கத்தினேன்.

இப்போது எனக்கு ஒரு அசிஸ்ரன் தேவைப்பட்டது. பந்து தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. சாப்பிடத் தெரிந்த ஆள் வேண்டும். நான் ஆட்டம் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் எனக்குப் பதிலாக ஒருவன் பாயில் இருக்க வேண்டும். அந்தக் கிழமை மண்கும்பானில் ஒரு கலியாண வீடு. அங்கே தபாற்கந்தோரில் வேலை செய்கிற ஒரு தம்பியைக் கண்டேன். முன்பு வேறொரு கழகத்தில் ஆடி, முழங்கால் பிசகி நின்றவர். அந்த மனிதன் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே! ஒரு பந்தியில் இருந்து எழும்பி, கை கழுவி, அடுத்த பந்தியில் போய் இருந்தார். பாயாசத்தைச் செம்போடு வாங்கிக் குடித்தார். கடவுள் காட்டிய ஆள் என்று நினைத்தேன். அங்கேயே பிடித்துக் கேட்டேன்.

“சாப்பிடுறதுதான் வேலையெண்டால் எனக்கு ஓம், அண்ணை” என்றார்.

அவ்வளவு சந்தோசம் எனக்கு. எங்கள் பக்கத்துச் சைவர்கள் கலியாண வீட்டில் மீனும் இறைச்சியும் சமைப்பதில்லை, மரக்கறிச் சாப்பாடுதான் போடுவார்கள் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் மண்டைக்கு மட்டும் அது எட்டவில்லை.

ஆட்டத்தன்று நல்ல சோளகம். தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றுக் காலத்தில் எங்கள் கடல் குணம் கெட்டுப்போகும். வள்ளம் ஏறியும் இறங்கியும் போனது. ஆட்டத்தைப் பார்க்கத் தலைவரும் வந்தார். தனியாக வரவில்லை. பக்கத்தில் வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர்.

“ரவுணிலை சொன்னனே, அவர்தான். சும்மா பாக்க வந்தவர்” என்றார் தலைவர்.

சும்மா! பெண் பார்க்க வந்த இடத்தில் அடுத்த மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தின மாதிரி இருந்தது எனக்கு. ஒரு அலை அடித்து அந்த வெள்ளைக் கால்சட்டையை நனைத்தபோது, கடலுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

கரையில் புகையிலைத் தோட்டத்து அண்ணை வழமைபோல நின்றார். “வாரும் தம்பி, உம்மட அக்கா விடியவே அடுப்பு மூட்டிப்போட்டா” என்று என் தோளில் கையைப் போட்டார். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்:

“இனி நான் மனேஜர், அண்ணை. இனிமேல் எல்லாருக்குமாக இவர் சாப்பிடுவார்.”

தபாற்கந்தோர்த் தம்பியை முன்னால் விட்டேன். அண்ணையின் கை என் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. “அப்பிடியோ” என்றார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அந்த முதற்பயணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒரு வெளியூர் ஆட்டத்தின் முதற்பாதியைப் பார்க்கப் போகிறேன்.

காசைச் சுண்டியதில் எங்கள் கப்டன் வென்றான். நல்ல பின்களத்து ஆட்டக்காரன், ஆனால் வாய் திறக்காத பெடியன். ஊமை என்று நான் பகிடி பண்ணுவேன். “காத்தை எடடா, காத்தை!” என்று நான் வெளியில் நின்று கத்தினேன். காற்றை எடுத்தான். முதற்பாதி முழுக்கச் சோளகம் எங்கள் முதுகில். அந்தப் பாதியில் கோல் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாதியில் காற்றை மூஞ்சியில் வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது.

ஆகவே நான் கத்தினேன். “தூக்கி அடி!” என்றேன். தூக்கி அடித்தார்கள். காற்று பந்தை வாங்கிக்கொண்டு கோலுக்கு மேலால், பனைகளுக்கு அங்கால் கொண்டுபோய்ப் போட்டது. பந்தை எடுத்து வந்தார்கள். “விடாதை, தூக்கி அடி!” என்றேன். திரும்பவும் பனைக்கு அங்கால். “வலப்பக்கம் போ! இடப்பக்கம் வா! அவனைப் பிடி! விசரே, இவனைப் பிடி!” இரண்டு கையும் காற்றாடி மாதிரிச் சுற்றின. ஒவ்வொரு பெடியனும் பந்து காலுக்கு வந்ததும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடித்தான். அது கீழ்ப்படிவு என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். வலப்பக்கத்தில் ஓடுகிற சின்னப் பெடியன் அப்படி என்னைப் பார்த்த அந்தக் கணத்தில், அனலைதீவுக்காரன் ஒருவன் வந்து காலுக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். காற்றுக்கு எதிராக ஓடிப்போய்க் கோல் அடித்தான்.

இடைவேளை வந்தபோது ஒன்றுக்குப் பூச்சியம், நாங்கள் பூச்சியம். தலைவர் வெள்ளைக் கால்சட்டைக்காரரின் காதுக்குள் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார். முடிந்தது, இனி சங்கக்கடைத் தராசுதான் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் சனம் விலகியது. அக்கா வந்துகொண்டிருந்தார். தலையில் சோற்றுப் பானை. அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், கறிச்சட்டிகளோடு. பின்னால் ஒருத்தி இரண்டு பாயோடு, இன்னொருத்தி வாழையிலையோடு. எல்லாருக்கும் கடைசியில் எங்கள் தபாற்கந்தோர்த் தம்பி, தலையைக் குனிந்துகொண்டு.

“சைவக்காரனைக் கொண்டுவந்து என்ரை நண்டுக்கு முன்னாலை இருத்தினது ஆர்? நீரோ?” என்றார் அக்கா. மைதானம் முழுக்கக் கேட்டது. என் தொண்டைக்கு ஒரு சோடி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

“சைவமோ?” என்று தம்பியைக் கேட்டேன்.

“ஓம் அண்ணை. முட்டையும் தொடமாட்டன். நீங்கள் கேக்கேல்லையே.”

“பாவம் அந்தப் பிள்ளை. சொதியிலையும் மீன்தலை. வெறுஞ்சோத்தை வாழைப்பழத்தோடை பிசைஞ்சு திண்டுபோட்டு இருக்குது. நான் எந்த முகத்தோடை பாத்துக்கொண்டு நிக்கிறது? பெரிய ஆளாய் வந்தவுடனை எங்கட சோறு உமக்குக் கசக்குதோ, தம்பி?”

“ஐயோ அக்கா, அப்பிடி இல்லை. நான் இப்ப மனேஜர். ஆட்டம் முடிய வந்து…”

“ஆட்டம் முடியப் பெடியள் சாப்பிடுவினம். எல்லாருக்குமாகச் சாப்பிடுறவர் முதல் சாப்பிடவேணும். அதுதானே இவ்வளவு காலமும் நடந்தது? நீர் கை நனைக்காமல் நான் ஒருத்தருக்கும் பரிமாறமாட்டன். பாயைப் போடு பிள்ளை.”

பாய் விரிந்தது, கோட்டுக்கு வெளியே, எல்லாரும் பார்க்க. மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். இருட்டுமுன் எங்கள் வள்ளம் வெளிக்கிட வேண்டும். தலைவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகை வருமளவுக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. எந்தப் பட்டத்திலிருந்து தப்ப வந்தேனோ, அது பாயோடும் இலையோடும் கடற்கரை மைதானத்துக்கே தேடி வந்துவிட்டது. உதவிக்குக் கப்டனைப் பார்த்தேன்.

“இருங்கோ அண்ணை. இருந்து ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ” என்றான் அவன். கொஞ்சம் கெதியாகவே சொன்னான்.

இருந்தேன். விசில் ஊதியது. காற்று மணலை அள்ளி இலையில் போடாமல் இரண்டு பெண்கள் இன்னொரு பாயைப் பிடித்து மறைத்தார்கள். பாயின் ஓரத்து இடைவெளியால் எனக்குப் பாதி மைதானம் தெரிந்தது.

நண்டு அவசரக்காரனுடைய சாப்பாடு அல்ல. இரண்டு கையும் வேண்டும், பல்லும் வேண்டும், புத்தி முழுவதும் வேண்டும். பந்து எங்கள் பக்கம் வந்தது. “டேய்…” என்று வாயைத் திறந்தேன். “கோது தொண்டையிலை குத்தும், கவனம்” என்று அக்கா ஒரு கரண்டி குழம்பை விட்டார். கையை உயர்த்தினேன், முழங்கைவரை குழம்பு வழிந்தது. இன்னொரு தரம் கத்தப்போய்ப் புரைக்கேறி, கண்ணால் தண்ணீர் வந்தது. “ஆரோ நினைக்கினம்” என்று அக்கா என் உச்சியில் தட்டினார். பெடியள் பழக்கதோசத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது, நண்டுக் காலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணீர் விடுகிற ஒரு மனிதனை. அதற்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. “நிலத்தாலை! நிலத்தாலை குடு!” எனக்குத் தெரியாத குரல். யாரடா இது என்று எட்டிப் பார்த்தால், எங்கள் கப்டன்! அவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. தெரிய நான் எங்கே இடம் விட்டேன்? காற்று மூஞ்சியில் அடிக்க, பந்தை நிலத்தை விட்டு எழும்பவிடாமல், ஒருவன் காலிலிருந்து அடுத்தவன் காலுக்கு, கிட்டக்கிட்டக் கொடுத்துக்கொண்டு போனார்கள். அனலைதீவுக்காரர் காற்றை நம்பித் தூக்கித்தூக்கி அடித்தார்கள். அவர்களுடைய பந்து இப்போது எங்கள் கோலைத் தாண்டிக் கடலுக்குப் போனது. நான் முதற்பாதியில் படுத்திய பாட்டை அவர்கள் தாங்களாகவே பட்டார்கள்.

சமநிலையாக்கிய கோலை நான் பார்க்கவில்லை. அது பாய் மறைத்த பக்கம் விழுந்தது. சத்தத்தை வைத்துத்தான் அறிந்தேன். இரண்டாவதைப் பார்த்தேன். வலப்பக்கத்துச் சின்னப் பெடியன், முதற்பாதியில் என்னைப் பார்த்துப் பந்தைப் பறிகொடுத்தவன், ஒருவரையும் பார்க்காமல் ஓடினான். ஓடி, விழப்போய், சமாளித்து, நிலத்தோடு உருட்டிவிட்டான். பந்து மெல்லமாகப் போய் உள்ளே நின்றது. நான் நண்டுக் காலோடு எழும்பிக் கத்தினேன் பாருங்கள், சொதிச் சட்டி கவிழ்ந்தது, பாயைப் பிடித்திருந்த பெண் பாயைப் போட்டுவிட்டு ஓடினாள்.

முடிவு விசில் ஊதியதும் அக்கா என்னைப் பார்த்தார். தோற்றது அவருடைய ஊர். ஆனாலும் முகத்தில் சிரிப்பு. “வெண்டிட்டியள். இனிக் கையைக் கழுவிப்போட்டுப் பெடியளைக் கூப்பிடும். சோறு ஆறுது” என்றார். எனக்கு அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது.

வள்ளத்தில் திரும்பும்போது தலைவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். வெள்ளைக் கால்சட்டைக்காரரும் வந்தார்.

“நான் கனபேரைப் பாத்திருக்கிறன்” என்றார் அவர். “தோத்துக்கொண்டிருக்கிற நேரம் இவ்வளவு ஆறுதலாய் இருந்து சாப்பிட்ட மனுசனை இண்டைக்குத்தான் பாக்கிறன். பெடியளிலை எவ்வளவு நம்பிக்கை இருந்தால் அப்பிடி இருப்பார்? இவர் இருக்க நான் என்னத்துக்கு?”

முதற்பாதியை மனிதன் மறந்தேபோய்விட்டான். தலைவர் என் முதுகில் தட்டி, “பேந்தென்ன, நீர்தான் மனேஜர்” என்றார். இத்தனை காலம் ஆசைப்பட்ட சொல்.

வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் கப்டன் தனியாக இருந்தான். அவனிடம் போனேன்.

“உண்மையைச் சொல்லு. நான் சாப்பிட இருந்தது உனக்குச் சந்தோசம்தானே?”

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “கோவிக்கமாட்டியள் எண்டால் சொல்லுறன் அண்ணை. உங்கட சத்தம் கேக்கேக்கை எங்கட கால் எங்கட கால் மாதிரி இல்லை” என்றான்.

சுருக்கென்று தைத்தது. கோபம்கூட வந்தது. வாயைத் திறந்தேன், மூடினேன். மாஸ்ரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அந்த மனிதன் என்னைப் பந்தியில் இருத்தியது விருந்துக்காக மட்டும்தானா என்று ஒரு சந்தேகமும் வந்தது.

“அப்ப நான் என்னடா செய்யிறது? வீட்டிலை நிக்கிறதோ?”

“ஐயோ, இல்லை அண்ணை!” அவன் பதறிப்போய்த் திரும்பினான். “நீங்கள் வராமல் ஏலாது. நீங்கள் அங்கை இருக்கிறியள் எண்டு தெரிஞ்சால் எங்களுக்கு அதுவே காணும்.”

காற்று பலமாக அடித்தது நல்லதாகப் போய்விட்டது. கண் கலங்கினால் காற்றின் மேல் பழியைப் போடலாம்.

அதற்குப் பிறகு எண்பதாம் ஆண்டுகளின் தொடக்கம்வரை நான்தான் மனேஜர். தபாற்கந்தோர்த் தம்பி கடைசிவரை என் அசிஸ்ரன். நயினாதீவு போன்ற சைவச் சாப்பாட்டு இடங்களில் அவர் எல்லாருக்குமாகச் சாப்பிடுவார், மற்ற இடங்களில் நான். ஊர் மைதானத்தில்தான் எனக்குக் கஷ்டம். அங்கே விருந்து வைக்க ஒருவரும் இல்லை. அனலைதீவு வெற்றிக்குப் பிறகு முதல் ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தபோது, நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட, மனைவி குசினியிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவித்த பனங்கிழங்கு. நார் உரித்து, முறித்து முறித்துத் தின்ன வேண்டிய சாமான். ஒரு ஆட்டத்துக்குத் தாராளமாகக் காணும்.

“அனலைதீவு அக்கா வள்ளக்காரரிட்டைச் சொல்லிவிட்டவ” என்றாள். “கோல் விழுந்தால் மட்டும் கத்தலாமாம்.”

போய்க் கோட்டுக்கு வெளியே பாயை விரித்து நானாகவே இருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் கப்டன் ஒரு தரம் திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்தான். கையை உயர்த்திக் காட்டினேன். வாய் நிறையக் கிழங்கு.